வண்டி வந்துடுச்சு... போலீஸ் வந்துச்சா?

2023 புத்தாண்டு பிறந்து மூன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. டெல்லியின் வடமேற்கு ஓரம், கஞ்சவாலா சாலை. கடை வாசலில் நின்றிருந்த மிட்டாய்க் கடைக்காரருக்கு, டயர் வெடித்ததைப் போல ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். வேகமாகப் போன காருக்கு அடியில் ஒரு மனித உடல் இழுபட்டுக்கொண்டிருந்தது.

உடனே போலீஸுக்கு போன் போட்டார். சற்று நேரத்தில் அதே கார் யூ-டர்ன் அடித்து அதே வழியில் திரும்பியது. உடல் அப்போதும் அடியிலேயே சிக்கியிருந்தது. கடைக்காரர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே விரட்டினார். கார் எந்தப் பக்கம் போகிறது என்று போலீஸுக்குச் சொல்லிக்கொண்டே போனார். ஏறக்குறைய இருபது முறை பேசியதாகப் பின்னர் செய்தியாளர்களிடம் சொன்னார்.

கட்டுப்பாட்டு அறைப் பதிவில் இரண்டு நேரங்கள் இருக்கின்றன. 3.24-க்கு, காரில் உடல் இழுபடுவதாக ஓர் அழைப்பு. 4.11-க்கு, சாலையில் ஒரு பெண்ணின் உடல் கிடப்பதாக இன்னோர் அழைப்பு. இடையில் 47 நிமிடம். சுல்தான்புரியில் அந்த இளம்பெண்ணின் ஸ்கூட்டர் மீது கார் மோதிய இடத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தூரம் அவர் இழுத்துச் செல்லப்பட்டிருந்தார்.

இரண்டு வாரத்துக்குள் 11 போலீஸார் சஸ்பெண்ட் ஆனார்கள். அந்த வழித்தடத்தில் மூன்று ரோந்து வண்டிகளிலும் இரண்டு சோதனைச் சாவடிகளிலும் அன்று பணியில் இருந்தவர்கள் அவர்கள்.

இத்தனைக்கும் போன் எடுக்கப்பட்டது. தெருவில் வண்டிகள் இருந்தன. புத்தாண்டு இரவு என்பதால் பாதுகாப்பும் கூடுதல்தான். கண்ணால் பார்த்த சாட்சி நேரலை வர்ணனையே கொடுத்துக்கொண்டிருந்தார். அப்படியும் கார் தப்பியது. ‘போன் பண்ணா போலீஸ் எவ்வளவு நேரத்துல வரும்?’ என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. அந்த ஒரு கேள்வி போதாது என்பதற்குக் கஞ்சவாலா சாட்சி.

நான்கு கட்டம், நான்கு தாமதம்

அவசர அழைப்புக்கு நான்கு கட்டங்கள் உண்டு. முதலாவது, மணி அடித்து போனை எடுக்கும் வரை. இரண்டாவது, என்ன, எங்கே என்று விவரம் வாங்கி வண்டிக்குத் தகவல் சொல்லும் வரை. மூன்றாவது, வண்டி கிளம்பி இடத்தை அடையும் வரை. நான்காவது, வந்து இறங்கிய பிறகு போலீஸ் என்ன செய்கிறது என்பது.

ஆட்சியாளர்கள் பெருமையாகச் சொல்லும் ‘சராசரி நிமிடம்’ பெரும்பாலும் மூன்றாவது கட்டத்தின் கணக்கு. மக்கள் மனதில் ஆறாமல் நிற்கும் புகார்கள் பெரும்பாலும் நான்காவது கட்டத்தில் பிறப்பவை.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008-இல் வந்தது. சில வருடங்களிலேயே குக்கிராமம் வரை அதன் மீது நம்பிக்கை வந்துவிட்டது. ஆம்புலன்ஸுக்கு வந்து சேர்வதும், ஆளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும்தான் முக்கிய வேலை. அதில் பேரம் கிடையாது, சமாதானம் பேசுவது கிடையாது. போலீஸ் வண்டியின் வேலையோ வந்து சேர்ந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. அங்கே ஓர் ஆள் முடிவெடுக்க வேண்டும். யார் சொல்வது உண்மை, யாரைப் பிடிப்பது, புகார் எழுதுவதா, பேசி அனுப்புவதா? நிமிடக் கணக்கில் இது எதுவும் தெரியாது.

100 போய் 112 வந்த கதை

போலீஸுக்கு 100, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, சைபர் மோசடிக்கு 1930. பதற்றத்தில் எதை அழுத்துவது என்று ஒருவருக்கும் நினைவிருக்காது. ஒரே எண்ணாக 112 இருக்கட்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015-இல் பரிந்துரைத்தது. பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியிலிருந்து பணம் ஒதுக்கப்பட்டது. 2018 நவம்பரில் இமாச்சலப் பிரதேசம் முதலில் தொடங்கியது. 2019 பிப்ரவரி 19 அன்று தமிழ்நாடு, புதுச்சேரி உள்ளிட்ட 16 மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் இதில் சேர்ந்தன.

ஏற்பாடு காகிதத்தில் கச்சிதமானது. மாநிலத்துக்கு ஓர் அவசர உதவி மையம், மாவட்டத்துக்கு ஒரு கட்டுப்பாட்டு அறை, வண்டியில் ஒரு டேப்லெட். அழைப்பு வந்ததும் ஒரு பதிவு எண் விழும். அழைத்தவர் நிற்கும் இடம் வரைபடத்தில் தெரியும். பக்கத்தில் இருக்கும் வண்டிக்குத் தகவல் போகும். கிளம்பியதையும், சேர்ந்ததையும், முடித்ததையும் வண்டியில் இருப்பவர் டேப்லெட்டில் பதிவு செய்ய வேண்டும்.

நடைமுறையில் முதல் சிக்கலே இடம்தான். கீபேட் போனில் பேசுபவர் எங்கே நிற்கிறார் என்பது செல்போன் டவரை வைத்துத்தான் தெரியும். நகரத்தில் அது சில தெருக்களைக் காட்டும். கிராமத்தில் சில கிலோமீட்டர் சுற்றளவைக் காட்டும். ‘பிள்ளையார் கோயிலுக்குப் பின்னாடி, ரேஷன் கடை சந்து’ என்று பதறுபவரிடம், ‘எந்த ஊர் பிள்ளையார் கோயில்?’ என்று மாநிலத் தலைநகரில் உட்கார்ந்திருப்பவர் கேட்க வேண்டியிருக்கிறது. உள்ளூர் ஸ்டேஷன் ஏட்டுக்கு அந்தச் சந்து மனப்பாடம். மையத்தில் ஹெட்போன் மாட்டியிருப்பவருக்கு அது வரைபடத்தில் ஒரு புள்ளி. கூடவே, குறும்புக்கு அழைப்பவர்கள், பேசாமலே வைப்பவர்கள், தவறுதலாகப் பட்டன் அழுந்தி வரும் அழைப்புகள் எல்லாம் அதே வரிசையில்தான் வருகின்றன.

■ பெட்டிச் செய்தி: அவசர எண் பிறந்த கதை

• லண்டன் விம்போல் தெருவில் 1935 நவம்பரில் நடந்த தீ விபத்தில் ஐந்து பெண்கள் இறந்தனர். பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்புக்கு போன் செய்தபோது எக்ஸ்சேஞ்சில் வரிசையில் காக்கவைக்கப்பட்டார். அந்தக் கோபத்தில் அவர் பத்திரிகைக்கு எழுதிய கடிதம் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. 1937 ஜூன் 30 அன்று 999 வந்தது.
• அமெரிக்காவில் முதல் 911 அழைப்பு 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்ற சிற்றூரில் செய்யப்பட்டது.
• ஐரோப்பிய நாடுகள் 112-ஐப் பொது எண்ணாக ஏற்க 1991-இல் முடிவு செய்தன.
• 2017 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் எல்லா செல்போன்களிலும் அவசர பட்டன் வசதி கட்டாயம் என்று மத்திய அரசு உத்தரவிட்டது.

‘அது எங்க லிமிட் இல்லீங்க’

2019 நவம்பர் 27. ஹைதராபாத் அருகே ஷம்ஷாபாத் சுங்கச்சாவடி. கால்நடை மருத்துவரான இளம்பெண் தன் சகோதரிக்கு போன் செய்து, பயமாக இருப்பதாகச் சொன்னார். பிறகு போன் அணைந்துவிட்டது. பதறிய குடும்பம் அந்த இரவே போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடியது. இது எங்கள் எல்லையில் வராது, அந்த ஸ்டேஷனுக்குப் போங்கள் என்று அலைக்கழிக்கப்பட்டதாகப் பெற்றோர் குற்றம்சாட்டினார்கள். மறுநாள் காலை ஷாத்நகர் அருகே எரிந்த உடல் கிடைத்தது. புகாரைப் பதிவு செய்வதில் தாமதம் காட்டியதற்காக எஸ்.ஐ. உட்பட மூன்று போலீஸார் சஸ்பெண்ட் செய்யப்பட்டனர்.

எல்லைப் பிரச்னைக்கு ஹைதராபாத் வரை போக வேண்டியதில்லை. 2016 ஜூன் 24 காலை, நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் பயணிகள் கண்ணெதிரே ஐ.டி. நிறுவன ஊழியரான இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் அந்த உடல் மூடப்படாமல் பிளாட்பாரத்தில் கிடந்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கேள்வி கேட்டது. ரயில் நிலையத்துக்குள் நடந்தால் இருப்புப்பாதை போலீஸ். வாசலைத் தாண்டினால் மாநகரப் போலீஸ். ரயில்வே சொத்துக்கோ மத்திய அரசின் ஆர்.பி.எஃப். மூன்று சீருடை, ஒரு பிளாட்பாரம். சில நாட்கள் கழித்துத்தான் வழக்கு இருப்புப்பாதை போலீஸிடமிருந்து மாநகரப் போலீஸுக்குக் கைமாறியது.

டெல்லியில் 2012 டிசம்பர் 16 இரவும் இதே சர்ச்சை எழுந்தது. எந்த ஸ்டேஷன் எல்லை என்று ரோந்து வண்டிக்காரர்கள் வாக்குவாதம் செய்ததில் நேரம் வீணானதாக, ஓடும் பஸ்ஸில் கூட்டு வன்கொடுமைக்கு ஆளான நிர்பயாவோடு தாக்கப்பட்ட நண்பர் தொலைக்காட்சியில் சொன்னார். டெல்லி போலீஸ் நிமிடக் கணக்கோடு மறுத்தது.

சட்டம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. எந்த இடத்தில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிவு செய்து, பிறகு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். இதுதான் ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்’. அதுவரை சுற்றறிக்கைகளில் இருந்த இந்த ஏற்பாடு, 2024 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவில் சட்டமாகவே எழுதப்பட்டுவிட்டது. கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இலேயே தீர்ப்பளித்தது. பாலியல் வன்கொடுமை போன்ற குற்றங்களில் புகாரைப் பதிவு செய்யாத அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல் என்கிறது புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.-இன் 199-வது பிரிவு.

புகாரைப் பதிவு செய்வதற்கு இத்தனை கட்டாயம். அழைப்புக்கு இத்தனை நிமிடத்தில் வந்தாக வேண்டும் என்று சொல்லும் பிரிவு இந்தச் சட்டங்களில் இல்லை.

வந்தார்கள், நின்றார்கள்

சீக்கிரம் வருவது மட்டுமே போதும் என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்காவின் யுவால்டி ஊரைக் காட்டலாம். 2022 மே 24 அன்று ராப் தொடக்கப் பள்ளிக்குள் துப்பாக்கியோடு ஒருவன் நுழைந்தான். மூன்று நிமிடத்தில் போலீஸ் கட்டடத்துக்குள் வந்துவிட்டது. மூன்று நிமிடம் என்பது எந்த நாட்டிலும் சாதனை. ஆனால் அவனைச் சுட்டு வீழ்த்த அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வகுப்பறைக்குள் சிக்கியிருந்த ஒரு சிறுமி 911-க்கு அழைத்து, போலீஸை அனுப்புங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். போலீஸ் வெளியே வராந்தாவில் நின்றது. பல துறைகளிலிருந்து மொத்தம் 376 பேர் வந்து சேர்ந்தார்கள். 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். உள்ளே சுடுபவன் இருக்கும்போது காத்திருக்காமல் நுழைய வேண்டும் என்பது கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அங்கே பால பாடம். அது மீறப்பட்டதாக அமெரிக்க நீதித் துறை 2024 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை சொன்னது.

நம் ஊரில் நான்காவது கட்டம் இத்தனை பயங்கரமாக வருவதில்லை. அது பெரும்பாலும் ஒரு வீட்டு வாசலில், ராத்திரி பதினொரு மணிக்கு நடக்கிறது. குடித்துவிட்டு அடிக்கும் கணவன். பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனிலிருந்து 100-க்கு அழைப்பு. ரோந்து வண்டியில் ஒரு எஸ்.எஸ்.ஐ., ஒரு டிரைவர். கதவைத் தட்டுகிறார்கள். ‘ஏம்ப்பா, பொம்பளையப் போட்டு அடிக்கிறியே?’ என்று ஓர் அதட்டல். ‘சார், புருஷன் பொண்டாட்டி சண்டை சார்’ என்று ஒரு கும்பிடு. மாமியார் நடுவில் வருகிறார். ‘காலைல ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்கு வாங்க’ என்று சொல்லிவிட்டு வண்டி கிளம்புகிறது. எட்டு நிமிடத்தில் வந்து ஐந்து நிமிடத்தில் கிளம்பிய வண்டியின் பெயரில் ‘நேரில் சென்று விசாரித்து, இருதரப்புக்கும் அறிவுரை கூறி அனுப்பப்பட்டது’ என்று எழுதி அழைப்பு முடித்துவைக்கப்படும். வண்டியின் விளக்கு தெருமுனை திரும்பியதும், ‘போலீஸையா கூப்பிடுற?’ என்று மறுபடியும் அடி விழும்.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இன் 5-வது பிரிவு அந்த எஸ்.எஸ்.ஐ. செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறது. பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், இலவச சட்ட உதவி உண்டு, தனியாகக் குற்றப் புகாரும் கொடுக்கலாம் என்று அந்தப் பெண்ணிடம் தெரிவிப்பது போலீஸ் அதிகாரியின் கடமை. இரவு பதினொரு மணிக்கு வாசலில் நின்று இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். சொன்னாரா என்று கேட்க அழைப்புப் பதிவில் ஓர் இடம் இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியதை போலீஸ் செய்யாவிட்டால் கேட்க உரிமை உண்டா என்ற கேள்வி அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1999-இல் கொலராடோவின் காசில் ராக் ஊரில், நீதிமன்றத் தடை உத்தரவை மீறி மூன்று மகள்களைக் கணவர் கடத்திவிட்டதாக ஒரு தாய் அன்று மாலையும் இரவும் போலீஸிடம் திரும்பத் திரும்ப முறையிட்டார். இன்னும் கொஞ்ச நேரம் பாருங்கள் என்றே பதில் வந்தது. மூன்று பெண் குழந்தைகளும் பிணமாகத்தான் கிடைத்தார்கள். தடை உத்தரவை போலீஸ் அமல்படுத்தியே ஆக வேண்டும் என்று கோர அந்தத் தாய்க்கு அரசியல் சட்ட உரிமை இல்லை என்று 2005-இல் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது.

தாமதம் யாருடையது?

போலீஸ் தரப்புக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் நான்கு நகரங்களில் ஆய்வு செய்து 1981-இல் வெளியான அறிக்கை ஒன்று, அதுவரை இருந்த நம்பிக்கையை உலுக்கியது. கடுமையான குற்றங்களில் போலீஸ் விரைந்து வந்ததால் மட்டுமே கைது நடந்தது நூற்றுக்கு மூன்று வழக்குகளில்கூட இல்லை. சுமார் முக்கால்வாசி குற்றங்கள், நடந்து முடிந்த பிறகே தெரியவந்தவை. மீதியிலும் மக்கள் போனை எடுக்கவே நேரம் எடுத்துக்கொண்டார்கள். முதலில் சொந்தக்காரருக்கு, அப்புறம் நண்பருக்கு, கடைசியில்தான் போலீஸுக்கு.

இந்த வரிசை நமக்குப் புதிதல்ல. இங்கே முதல் போன் அண்ணனுக்கு, அடுத்தது வார்டு கவுன்சிலருக்கு, அப்புறம் ‘தெரிஞ்ச போலீஸ்காரர்’ ஒருவருக்கு. 100 கடைசி. ஹைதராபாத் சம்பவத்தின்போது, அந்தப் பெண் சகோதரிக்குப் பதில் 100-ஐ அழைத்திருக்கலாமே என்று தெலங்கானா உள்துறை அமைச்சர் மஹ்மூத் அலி பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார். அழைக்கத் தயங்குவது ஏன் என்ற கேள்விக்கான பதிலை, அன்றிரவு அந்தப் பெண்ணின் குடும்பத்துக்கு ஸ்டேஷனில் கிடைத்த வரவேற்பே சொல்லிவிட்டது.

போன் செய்தவரையே சாட்சியாக்கி அலைக்கழிப்பார்கள் என்ற பயம் இன்னொரு காரணம். சாலை விபத்தில் உதவுபவர் பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை, அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் 134-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. ஆனால் அந்தப் பாதுகாப்பு விபத்துக்கு மட்டும்தான். பக்கத்து வீட்டில் அடிதடி என்று அழைப்பவருக்கு அது இல்லை. ரோந்து வண்டி வந்து, ‘யாருங்க போன் பண்ணது?’ என்று தெருவே கேட்கும்படி விசாரித்துவிட்டால், அந்தத் தெருவிலிருந்து அடுத்த அழைப்பு வருவது சந்தேகம்தான்.

அதற்காக வேகம் வீண் என்று சொல்லவும் முடியாது. இங்கிலாந்தின் கிரேட்டர் மான்செஸ்டர் பகுதி அழைப்புகளை வைத்து 2018-இல் வெளியான ஆய்வு, பழைய முடிவைத் திருப்பிப்போட்டது. போலீஸ் வரும் நேரம் 10 சதவீதம் கூடினால், குற்றம் துலங்கும் வாய்ப்பு 4.7 சதவீதப் புள்ளிகள் குறைகிறது. சீக்கிரம் போனால் பாதிக்கப்பட்டவரோ சாட்சியோ குற்றவாளியை அடையாளம் சொல்லும் வாய்ப்பு கூடுகிறது என்பது அந்த ஆய்வு காட்டும் காரணங்களில் ஒன்று.

■ பெட்டிச் செய்தி: 112-ஐ அழைக்கும்போது

• முதலில் இடத்தைச் சொல்லுங்கள். ஊர், தாலுகா, பக்கத்தில் தெரியும் கடை, மின்கம்பத்தின் எண். பாதியில் போன் அறுந்தாலும் வண்டி கிளம்ப அது உதவும்.
• ஆயுதம் உண்டா, யாருக்காவது காயமா, தாக்கியவர் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா? இந்த மூன்றும் அடுத்து முக்கியம்.
• ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை மூன்று முறை வேகமாக அழுத்தினாலும், கீபேட் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தாலும் அவசர அழைப்பு போக வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. உங்கள் போனில் வேலை செய்கிறதா என்று செட்டிங்ஸில் முன்கூட்டியே பார்த்துவையுங்கள்.
• பூட்டிய போனிலிருந்தும் 112-ஐ அழைக்கலாம்.
• பதிவு எண்ணைக் கேட்டு, அழைத்த நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். போலீஸ் வந்துபோன பிறகு புகார் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோ எஃப்.ஐ.ஆர். நகலோ கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

ஆள் எங்கே?

போலீஸ் ஆராய்ச்சி, மேம்பாட்டுப் பணியகத்தின் கணக்குப்படி, 2020 தொடக்கத்தில் இந்தியாவில் லட்சம் மக்களுக்கு 195 போலீஸார் இருக்க வேண்டும் என்று அனுமதிக்கப்பட்டிருந்தது. உண்மையில் இருந்தது சுமார் 156. அந்த 156 பேரிலும் அமைச்சர் வருகை, கோயில் திருவிழா, கோர்ட் டியூட்டி, தேர்தல் என்று பந்தோபஸ்துக்குப் போனவர்களைக் கழித்தால்தான் ரோந்துக்கு எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்பது தெரியும்.

உத்தரப் பிரதேசம் இதற்கு வேறு வழி பார்த்தது. 2016-இல் லக்னோவில் மாநிலம் முழுவதுக்கும் ஒரே மையம் அமைத்து, ஸ்டேஷன் வேலையோடு கலக்காமல் அழைப்புக்கு மட்டும் ஓட ஆயிரக்கணக்கான வண்டிகளை ஒதுக்கியது. வண்டி சீக்கிரம் வந்து நிற்கிறது. ஆனால் முதலில் வந்தவர் விவரத்தை உள்ளூர் ஸ்டேஷனுக்குக் கைமாற்றிவிட்டு அடுத்த அழைப்புக்குப் போய்விடுவார். மூன்றாவது கட்டம் லக்னோ கையில், நான்காவது கட்டம் அதே பழைய ஸ்டேஷன் கையில்.

கணக்கு வெளியே வரட்டும்

இங்கிலாந்தும் வேல்ஸும் 2022 மே மாதம் ஒரு காரியம் செய்தன. எந்தப் போலீஸ் படை 999 அழைப்பை எத்தனை விநாடியில் எடுக்கிறது என்று படைவாரியாகப் பட்டியலிட்டு வெளியிட்டன. பத்து விநாடிக்குள் எடுக்க வேண்டும் என்பது இலக்கு. முதல் பட்டியலில் அந்த இலக்குக்குள் வந்தவை சுமார் 71 சதவீத அழைப்புகள்தான். பின்தங்கிய படைகளின் தலைமை அதிகாரிகள் பத்திரிகைகளுக்கும் எம்.பி.க்களுக்கும் பதில் சொல்ல வேண்டிவந்தது.

அந்தப் பட்டியலும் முதல் கட்டத்தை மட்டுமே அளக்கிறது. தமிழ்நாட்டில் இப்படி ஒன்று வருவதாக இருந்தால், காவல் மாவட்டம்தோறும், மாதந்தோறும், நான்கு பத்திகளோடு வர வேண்டும். எத்தனை விநாடியில் எடுத்தார்கள், எத்தனை நிமிடத்தில் வண்டிக்குச் சொன்னார்கள், எப்போது வண்டி சேர்ந்தது, கடைசியில் அந்த அழைப்பு என்ன ஆனது? முதல் மூன்றுக்கும் புதிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. 112 ஏற்பாட்டிலேயே அந்த நேரங்கள் பதிவாகின்றன.

நான்காவது பத்திக்கு மட்டும் எழுதும் முறையை மாற்ற வேண்டும். எஃப்.ஐ.ஆர்., சி.எஸ்.ஆர்., பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல், பொய் அழைப்பு, அறிவுரை கூறி அனுப்பப்பட்டது என்று தனித்தனியே பிரிக்க வேண்டும். அதோடு, ஒரே வீட்டிலிருந்து ஒரே மாதத்தில் மூன்றாவது முறை அழைப்பு வந்தும் ‘அறிவுரை’யோடு முடித்த வழக்குகளை டி.எஸ்.பி. நேரடியாகப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்த அழைப்புகள் அனைத்தும் ஏற்கெனவே பதிவில் இருக்கின்றன. முகவரியை வைத்துத் தேடினால் போதும்.